ரெகுலர் எக்ஸ்பிரஷன்: ஒழுங்கா, வாய்பாடா?

காவிரி, கூவிளம். தஞ்சை, தேமா. குடந்தை, புளிமா. பள்ளியில் செய்யுளை அலகிட்டு இந்த வாய்பாடுகளைச் சொல்லிப் பழகியவர்களுக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் பாதி தெரிந்த சங்கதி: சொல் எதுவானாலும் அதன் வடிவம் இன்னது என்று காட்டும் குறிமுறை. புரோகிராமர்கள் ரெஜெக்ஸ் என்பார்கள். மயிலாடுதுறை, திருத்துறைப்பூண்டி, திருவாவடுதுறை என்ற பட்டியலில் ‘துறை$’ என்று தேடினால் பூண்டி விடுபடும். வரி அங்கே முடிய வேண்டும் என்கிறது அந்த டாலர் குறி.

ரெகுலர் என்பதன் வேர் லத்தீன் ‘ரெகுலா’; நேரான கோல், அதிலிருந்து விதி. நம் செங்கோலும் பொருளில் அதே வழியாக வந்ததுதான். ஆனால் பெயர் வைத்த கணிதவியலாளர் ஸ்டீபன் கிளேனிக்கே திருப்தியில்லை. நரம்பு வலைகள் பற்றிய 1951 அறிக்கையில் ‘ரெகுலர் நிகழ்வுகள்’ என்று எழுதிவிட்டு, பொருத்தமான பெயர் இருந்தால் சொல்லுங்கள் என்று அடைப்புக்குறிக்குள் கேட்டார். 1968-இல் புரோகிராமர் கென் தாம்சன் இதை உரைத்தேடலுக்குக் கொண்டுவந்தபோது பழைய பெயரே கூட வந்தது.

தமிழில் ‘ஒழுங்குக் கோவை’ என்பது அகராதியைப் பார்த்துப் பெயர்த்தது. ‘சுருங்குறித்தொடர்’ தேவலை, ஆனால் சுருக்கம் இதன் குணமே தவிர வேலை அல்ல. என் ஓட்டு ‘வடிவ வாய்பாடு’க்கு.

ஒழுங்கு என்பது எங்கே இடிக்கிறது என்று ரெஜெக்ஸை ஓட்டும் திறமூல நிரல் நூலகங்களைப் பார்த்தால் புரியும். பிலிப் ஹேசல் 1997-இல் தொடங்கிய பிசிஆர்ஈ, முன்னே பிடித்த சொல்லையே பின்னாலும் தேடித் தரும். கணிதப்படி அது ரெகுலரே இல்லை. அது தேடும் விதம், ஒரு கிளை வாய்க்காலில் போய், தூர்ந்திருந்தால் மதகுக்குத் திரும்பி அடுத்ததில் இறங்குவது போல. வாய்பாடு மோசமாக அமைந்தால் கிளைகள் பெருகி ஆள் திரும்பவே மாட்டார். கூகுள் 2010-இல் திறந்துவிட்ட ஆர்ஈ2, மதகு திறந்ததும் எல்லாக் கிளையிலும் சேர்ந்தே ஓடும் தண்ணீர். உரையின் நீளத்துக்கு ஏற்ற நேரம்தான் ஆகும். பதிலுக்கு அந்தப் பின்தேடல் வசதி கிடையாது. வெளியார் தரும் வாய்பாட்டை ஓட்டுவதென்றால் நான் ஆர்ஈ2 பக்கம்தான்.

தமிழுக்கு வேறொரு சோதனை உண்டு. பைத்தான் மொழியின் உள்ளமைந்த நூலகத்திடம் ‘சொல்லெழுத்துகளைச் சேர்த்துக் கொடு’ என்னும் \w+ குறியோடு கும்பகோணத்தை நீட்டினால் க, ம, பக, ணம என்று நாலு துண்டு வரும். உயிர்க்குறியும் புள்ளியும் அதற்கு எழுத்தில்லை. தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ரெஜெக்ஸ்’ நூலகமும், ரஸ்ட் மொழியின் அதே பெயருள்ள நூலகமும் ஊரை முழுசாகத் தருகின்றன. ஆர்ஈ2-வில் அந்தக் குறி ஆங்கில எழுத்தை மட்டுமே அறியும். தமிழ் வரம்பை நாமே எழுதித் தர வேண்டும்.