நல்லானதும் பள்ளிக்குப் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு தாயார் தம் மகனின் புத்தகப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் அறைக்கு வந்து, இந்த ஆண்டுக்கு மட்டும் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொள்ள என்ன கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டார். மகன் நான்காம் படிவ மாணவன். அவனுக்குக் குரோன் நோய் எனப்படும் குடல் அழற்சி நோய் இருப்பது உறுதியாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. “நல்லானதும் போகட்டும் டீச்சர், உடம்புதானே முக்கியம்” என்றார். கோலாலம்பூரில் இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியராகப் பணியாற்றும் நான், இதே சொற்களை இந்த ஆண்டில் மட்டும் மூன்று வீட்டாரிடம் கேட்டுவிட்டேன். முன்னர் வந்த இருவரில் மாணவிக்கு உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூப்பஸ் நோய், மாணவனுக்குச் சிறுநீரக நோய். அந்த இருவரும் இன்னும் பள்ளிக்குத் திரும்பவில்லை.

நல்லானதும் என்ற சொல் டெங்கிக்கும் கை முறிவுக்கும் பொருந்தும். காய்ச்சல் இறங்கிவிடும், எலும்பு கூடிவிடும், பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்துகொள்வான். குரோன் நோய், லூப்பஸ், முதல் வகை நீரிழிவு, தலசீமியா எனும் மரபுவழி இரத்த நோய் போன்றவை அவ்வாறு ஒரு நாளில் முடிந்துவிடுபவை அல்ல. இவற்றில் குரோனும் லூப்பஸும் மருந்தால் அடங்கியிருக்கும்; சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து மீண்டும் தலைதூக்கும். “இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது” என்று மருத்துவர் சொல்வது பல பெற்றோரின் காதில் “குணமாகிவிட்டது” என்றே விழுகிறது. நோய் திரும்பியதும் அவர்கள் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்கத் தொடங்குகிறார்கள். இதற்கிடையில் வகுப்பு ஐந்தாம் படிவத்துக்கு ஏறிவிடும், நண்பர்கள் அந்தப் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், வீட்டில் இருக்கும் பிள்ளையோ பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் கைப்பேசியோடு விழித்திருக்கப் பழகிவிடுவான். ஓர் ஆண்டு நிறுத்தப்பட்டவர்களைத் திரும்ப அழைத்துவர நான் பட்ட பாட்டில், நோய் தடையாக இருந்ததைவிடக் கூச்சமே பெருந்தடையாக இருந்தது. அவர்கள் உடலளவில் வரக்கூடிய நிலையில் இருந்தும் வகுப்பு வாசலைத் தாண்ட மறுத்தார்கள்.

குரோன் நோய் உள்ள அந்த மாணவனோடு தனியாகப் பேசியபோதுதான், விடுப்புகளுக்கு வேறொரு காரணமும் இருப்பது தெரிய வந்தது. அவன் காலையில் வீட்டில் எதையும் உண்ணாமல், பள்ளியில் ஒரு மிடறு நீர்கூட அருந்தாமல், பகல் ஒன்றரை மணி வரை தாக்குப்பிடித்திருக்கிறான். அம்மா கட்டிக்கொடுத்த இட்லி அப்படியே வீடு திரும்பியிருக்கிறது. மூன்று கட்டடங்களிலும் உள்ள கழிப்பறைகளில் எதற்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் குழாயில் நீர் வராது, எது ஓய்வு நேரத்துக்குப் பின் பூட்டப்படும் என்பதையெல்லாம் அவன் மனப்பாடமாகச் சொன்னான். ஒருமுறை கணிதப் பாடத்தின்போது அனுமதி கேட்டு, “இப்போதுதானே போய்விட்டு வந்தாய்” என்ற பதிலைப் பெற்று, வகுப்பே சிரித்த பிறகு, அவன் அனுமதி கேட்பதையே விட்டுவிட்டான். வருகைப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன்; அவன் வராத நாள்களில் பெரும்பாலானவை கணிதம் இரட்டைப் பாடவேளையாக வரும் நாள்கள். அந்த வாரமே ஆசிரியர் கழிப்பறையை அவன் கேட்காமலே பயன்படுத்த அனுமதி பெற்றோம். மூன்றாம் மாடியில் இருந்த வகுப்பும் கீழ்மாடிக்கு மாறியது. இதற்குச் செலவு ஒரு வெள்ளிகூட ஆகவில்லை.

குடல் அழற்சி நோய் நம் நாட்டில் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்படுவது மருத்துவ ஆய்வுகளில் வெளிப்பட்ட செய்தி. ஆயினும் நம் வீடுகளில் வயிற்று வலி என்றால் ‘கேஸ்டிரிக்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். வளரும் வயதில் எடை குறைவது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றைக் கண்டால் தயவுசெய்து தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

என் சக ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “நேற்று ஓடியாடினான், இன்று வரவில்லை, நடிக்கிறான்” என்று ஆசிரியர் அறையில் பேசுவதை நிறுத்துங்கள். நாளுக்கு நாள் மாறுவது இந்த நோய்களின் இயல்பு. முகம் உப்பியிருப்பது ஸ்டீராய்டு மருந்தால். அதே மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், சட்டென்று கோபமும் வரவழைக்கும். குரோன் நோய் உள்ள பிள்ளைகள் சிலர் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஊட்டச்சத்துப் பானத்தை மட்டுமே உணவாக அருந்த வேண்டியிருக்கும். அந்த வாரங்களில் ஓய்வு நேரத்தை அவர்கள் நூலகத்தில் கழிக்க விடுங்கள்; நாசி லெமாக் மணக்கும் சிற்றுண்டிச் சாலையில் உட்கார வைக்காதீர்கள்.

பெற்றோரே, முழு நாளும் வர இயலாவிட்டால் வரவே வேண்டாம் என்று யார் சொன்னது? காலை நேரத்தில்தான் வலி அதிகம் என்றால் சபைகூடலைத் தவிர்த்துத் தாமதமாக வரட்டும். இரண்டு பாடவேளை இருந்துவிட்டுத் திரும்பட்டும். இதை நிர்வாகத்தோடு பேசி எழுத்தில் ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்றிதழ் மட்டும் அனுப்பினால், அதில் “இரண்டு நாள்” என்பதற்கு மேல் எவருக்கும் எதுவும் புரியாது, எச்சரிக்கைக் கடிதங்களும் வந்துகொண்டே இருக்கும். நோயின் பெயர், அது எவ்வாறு ஏறி இறங்கும், பள்ளியில் என்ன சலுகை தேவை, மருத்துவமனைக்குச் செல்லும் நாள்கள் எவை என்பவற்றைக் குறிப்பிட்டு நிபுணரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். அழற்சியை அடக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்தை இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் பிள்ளைகளுக்குத் தொடக்க வாரங்களுக்குப் பிறகு வழக்கமாக எட்டு வாரங்களுக்கு ஒருமுறைதான் முறை வரும். அந்தத் தேதி முன்கூட்டியே தெரியும்போது, வகுப்புச் சோதனையை ஒருநாள் தள்ளிவைப்பது எங்களுக்குச் சிரமமே இல்லை. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்ணும் பிள்ளை என்றால், வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மை கண்டவுடன் உங்களைத் தொலைபேசியில் அழைக்கும்படி வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

பாடங்களைக் குறைப்பதில்தான் வீடுகளில் பெருஞ்சண்டை நடக்கிறது. கூடுதல் கணிதத்தை விட்டால் பொறியியல் கனவு போய்விடும் என்று அந்த மாணவனின் தந்தை என்னோடு அரைமணி நேரம் வாதிட்டார். அவருடைய ஏக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாத மாணவனுக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது, 2013-ஆம் ஆண்டு முதல் வரலாறும் இந்தக் கட்டாயத்தில் சேர்ந்துவிட்டது. இருக்கும் சிறிதளவு தெம்பை முதலில் இந்த இரண்டுக்கும், பிறகு ஆங்கிலம், கணிதம் போன்ற கட்டாயப் பாடங்களுக்கும் செலவிட வேண்டும். அதற்கு மேல் தெம்பு இருந்தால், பிள்ளை விரும்பும் பாடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மாணவன் தமிழைக் கேட்டான், தமிழ் இருக்கட்டும் என்றேன். விடுபட்டதைப் பின்னர் தனித் தேர்வராகப் பதிந்துகொண்டும் எழுதலாம். கூடுதல் நேரம், தனியறை போன்ற தேர்வுச் சலுகைகளுக்கு மருத்துவரின் கடிதத்தோடு பள்ளி வழியாகத் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தின வாரம் ஓடி வராதீர்கள். தேர்வுக்குப் பதியும்போதே கேளுங்கள். மருத்துவமனையில் இருந்தபடியே எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகள் நம் நாட்டில் இருக்கிறார்கள்.

மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், அங்கே ‘செக்கோலா டாலாம் ஹொஸ்பிட்டல்’ இருக்கிறதா என்று வார்டு தாதியரிடம் விசாரியுங்கள். கல்வியமைச்சின் ஆசிரியர்கள் மருத்துவமனைக்குள்ளேயே பாடம் நடத்தும் இந்தத் திட்டம் 2011-இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனை உள்ளிட்ட சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது, கட்டணம் கிடையாது. அங்கே படித்த நாள்களுக்கான உறுதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். வீட்டில் இருக்கும் நாள்களுக்குக் கல்வியமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா உண்டு. பாடநூல்களை அதிலேயே படிக்கலாம். ஆனாலும் என் அனுபவத்தில், பக்கத்து இருக்கைத் தோழன் வெண்பலகையைப் படமெடுத்துத் தினமும் வாட்சாப்பில் அனுப்புவதுதான் பிள்ளையை வகுப்போடு கட்டி வைத்திருக்கிறது. படத்தில் பாதி வேறு யாருடைய தலையாகவோ இருக்கும். இருந்தாலும் தான் இன்னும் அந்த வகுப்பைச் சேர்ந்தவன் என்று அவனுக்குத் தெரியும்.

அந்தத் தாயார் கடிதம் எழுதவில்லை. மகன் இப்போது வாரத்தில் மூன்று நாள்கள், காலை ஒன்பதரை மணிக்கு மேல் வருகிறான். லூப்பஸ் உள்ள மாணவியின் வீட்டுக்கு வரும் சனிக்கிழமை செல்லவிருக்கிறேன். அவளுக்காகச் சுருக்கி அமைத்த பாடவேளை அட்டவணையைக் கையோடு கொண்டுபோகிறேன். அவளுடைய தந்தை அதை ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.