விந்தணு உறைகாப்பு

விந்தணுவை உறையவைத்துப் பிற்காலக் கருத்தரிப்புக்காகக் காத்து வைப்பதைத் திருநெல்வேலிக் கருத்தரிப்பு மையங்களில் 'ஸ்பெர்ம் ஃப்ரீசிங்' என்பார்கள். மருத்துவ நூல்கள் 'கிரையோபிரிசர்வேஷன்' என்கின்றன. 'கிரையோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உறைபனி, கடுங்குளிர் என்று பொருள். பின்பாதி, காத்தல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

தமிழில் இதற்கு வேர்ச்சொல் தேடி அலைய வேண்டாம். மாட்டுக்குச் சினை ஊசி போடத் திரவ நைட்ரஜன் கலனில் கொண்டுவரப்படுவதைக் கால்நடைத் துறையினர் 'உறைவிந்து' என்றே எழுதுகிறார்கள். அந்த 'உறை'யை மனித மருத்துவமும் கூச்சமின்றி எடுத்துக்கொண்டு 'உறைகாப்பு' எனலாம். உறைதல் என்பதற்கு இறுகுதல், தங்குதல் என இரு பொருளும் உண்டு. இங்கே இரண்டும் பொருந்துகின்றன. சிலர் எழுதும் 'பதப்படுத்துதல்' எனக்கு உடன்பாடில்லை. பதப்படுத்திய தோலோ மீனோ பழைய உயிர்நிலைக்குத் திரும்பாது. விந்தணு திரும்ப வேண்டும்.

'விந்து' வேறு, 'விந்தணு' வேறு. துளி என்று பொருள்படும் 'பிந்து' என்ற வடசொல்லின் தமிழ் வடிவமே விந்து; அது நீர்மம் முழுவதையும் குறிக்கும். சித்த மருத்துவத்தில் அது சுக்கிலம், ஏழு உடற்தாதுக்களில் கடைசி. விந்தணு என்பது அதற்குள் நீந்தும் உயிரணு மட்டும்.

வெறுமனே குளிரவைத்தால் அந்த உயிரணு செத்துவிடும். உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகிச் சவ்வைக் கிழிக்கும். எஞ்சிய நீரில் உப்பு செறிந்து நஞ்சாகும். கிளிசரின் கலந்தால் இந்தச் சேதம் குறைகிறது என்பதை 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் சேவலின் விந்தணுவில் கண்டார்கள். 1953இல் அமெரிக்காவின் பஞ்ச், ஷெர்மன் இருவரும் உறைந்த மனித விந்தணுவால் கருத்தரிப்பு நிகழ்ந்ததை அறிவித்தார்கள். இன்று சேமிப்பு, மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனில்.

மீண்டும் இயல்பு வெப்பத்துக்குக் கொண்டுவருவதை 'உருக்குதல்' என்று எழுதுகிறார்கள். பொன்னை உருக்கலாம். இதற்கு 'இளக்குதல்' போதும்: மார்கழிக் காலையில் உறைந்த தேங்காய் எண்ணெய் வெயில் பட்டால் இளகுகிறது என்றுதானே சொல்கிறோம். ஆய்வகத்தில் 37 டிகிரி வெந்நீரிலோ அறை வெப்பத்திலோ இளக்கி, கிளிசரினைக் கழுவி நீக்கி, எத்தனை அணுக்கள் அசைகின்றன என்று பார்ப்பார்கள். ஒரு பகுதி பிழைக்காது.

'உறைகாப்பு' என்ற சொல் வீடுகளில் புழங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் புற்றுநோய். கீமோ மருந்தும் கதிர்வீச்சும் விந்தணு உற்பத்தியை நிரந்தரமாக நிறுத்திவிடக்கூடும். மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் தகப்பனார், சிகிச்சை தொடங்குமுன்பே, "டாக்டர், இவனுடைய விந்தணுவை உறைகாப்பில் வைக்கலாமா?" என்று கேட்டுவிட வேண்டும். மாதிரியில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேராகச் செலுத்தும் முறை 1992 முதல் இருக்கிறது.