நாவலுக்கென்று எடுத்துவைத்த பாக்கி நோட்டு

பதினாறு வருடமாகப் பிறருடைய சிறுகதைகளைத் திருத்திக் கொடுப்பதுதான் எனக்கு வேலை. எழுதியவரே கைப்பிரதியோடு வந்து எதிரில் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒன்று நடக்கும். கதை சப்பென்று இருக்கும். பேச்சுவாக்கில் அவர் கதையில் இல்லாத ஒன்றைச் சொல்வார். அது அபாரமாக இருக்கும். "இதை ஏன் எழுதலை?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "அது நாவலுக்கு சார்."

ஒரு வங்கி ஊழியர் தன் அப்பாவின் மரணத்தைக் கதையாக்கிக் கொண்டுவந்தார் (அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்). ஆஸ்பத்திரி வராந்தா, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸ், வெளியே மழை. மழை இல்லாமல் நம் கதைகளில் யாரும் சாவதே இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: அப்பா டீக்கடை வைத்திருந்தாராம். அவருடைய பாக்கி நோட்டில் ஒருவர் பெயரும் இருக்காது. 'சிவப்பு சைக்கிள்', 'இருமல்', 'ரெண்டாம் ஷிப்ட்டு' என்றுதான் எழுதுவார். அவர் போன பிறகு பிள்ளைகள் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் விழித்திருக்கிறார்கள்.

கைப்பிரதியைத் திருப்பிக் கொடுத்து, நோட்டை எழுதுங்கள் என்றேன். "ஆறு பக்கக் கதையில போட்டா வீணாயிடும் சார்" என்றார்.

இந்த 'வீணாயிடும்' என்ற பயத்தைத்தான் பூதம் புதையலைக் காப்பதுபோல் நம்மில் பலர் காத்துக்கொண்டிருக்கிறோம். கையில் இருப்பது ஒரே ஒரு தங்கக் காசு, செலவழித்தால் தீர்ந்தது என்ற கணக்கு. அந்தக் கணக்கு ஏன் தப்பு என்பதை அவர் கதையே எனக்குக் காட்டியது.

அரைமனதோடு நோட்டை முதல் பத்தியிலேயே வைத்தார். ஒரு வாரம் கழித்து போன்: "சரக்கு தீர்ந்துடுச்சு சார், இன்னும் அஞ்சு பக்கம் இருக்கு." மழையையும் குளுக்கோஸையும் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னேன். வேறு வழியில்லாமல் நோட்டுக்குள்ளேயே இறங்கி, ஒவ்வொரு வரியாக யார் யார் என்று தேடியிருக்கிறார். மூன்றாவது பிரதியில் ஒரு வரி வந்தது: 'பெரியவன் – 2 டீ, 1 வடை'. வீட்டில் பெரியவன் அவர்தான். சொந்த மகனுக்கும் அப்பா பாக்கி எழுதி வைத்திருந்தாரா? நிஜமாகவே நோட்டில் இருந்ததா, எழுதும்போது வந்ததா என்று நான் கேட்கவில்லை. கதை அங்கே திரும்பிவிட்டது. நாவலுக்கென்று பூட்டி வைத்திருந்தால் அந்த வரிக்கு அவர் வந்தே சேர்ந்திருக்க மாட்டார். தன்னிடம் உள்ளதிலேயே சிறந்தது என்று அவர் நினைத்திருந்தது வெறும் வாசற்படி.

"முந்நூறு பேர் படிக்கும் சிற்றிதழுக்கு இவ்வளவு நல்ல விஷயமா?" என்றும் கேட்பார்கள். மணிக்கொடி பணத் தட்டுப்பாட்டிலேயே நடந்த பத்திரிகை. புதுமைப்பித்தன் தன் சிறந்த கதைகள் பலவற்றை அதில்தான் கொட்டினார். 1948இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு 42 வயது. ஒரு நாவலைத் தொடங்கி முடிக்காமல் விட்டுப் போனார். நல்லதையெல்லாம் அந்த நாவலுக்காகச் சேர்த்து வைத்திருந்தால் நம் கையில் என்ன மிஞ்சியிருக்கும்?

தொடர்கதை எழுதியவர்களுக்கு இந்தச் சேமிப்பு வியாதி வர வாய்ப்பே இருந்ததில்லை. வாராவாரம் அச்சுக்குப் போகவேண்டும். கல்கி 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னை 1954 வரை வாரந்தோறும் எழுதினார். கையில் இருந்ததை அந்தந்த வாரமே இறக்கியவர். அதற்குப் பிறகும் தீராமல் அடுத்த தொடரைத் தொடங்கினார். அதை முடிப்பதற்குள் அவர் மறைந்துவிட, மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

துப்பறியும் கதை எழுதுபவர்கள் என்மேல் பாய வேண்டாம். கொலைகாரன் யார் என்பதை வாசகரிடமிருந்து ஒளிப்பது தொழில்நுட்பம். அதையும் அந்தக் கதைக்குள்ளேயே அவிழ்த்துவிடுகிறீர்கள். நான் சொல்வது கதைக்கே கொடுக்காமல் ஒளிப்பதை.

இன்னொன்று நிஜமாகவே காத்திருக்க வேண்டியது: ஆறாத விஷயம். உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தும் விஷயமும் அதில் சேரும். பதுக்கலையும் இதையும் பிரித்தறிய எனக்கு ஒரு சின்ன வழி உண்டு. டீ குடிக்கும் நேரத்தில் நண்பரிடம் தடங்கலில்லாமல், கொஞ்சம் பெருமையாகவே சொல்ல முடிகிறதா? அப்படியானால் பழுத்துவிட்டது, இன்றைக்கே எழுதலாம். சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைக்கிறதா? இருக்கட்டும்.

இவ்வளவு உபதேசம் செய்கிற என்னிடமும் 2009ஆம் வருடத்து டைரி ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'நாவலுக்கு'. போன மாதம் எடுத்துப் பார்த்தேன். 'கிணற்றில் சைக்கிள். அத்தை சிரித்தது. முக்கியம்!!' என்று இருக்கிறது. அடியில் இரண்டு கோடு வேறு. எந்தக் கிணறு, யார் சைக்கிள், எனக்கிருந்த மூன்று அத்தைகளில் சிரித்தது யார், ஒன்றும் நினைவில்லை. கேட்கலாமென்றால் மூவருமே இப்போது இல்லை.