கன்னாபினாய்டு: கஞ்சாப்போலியா, கஞ்சா நிகரியா?

‘கன்னாபினாய்டு’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது? சொல்லின் வேரிலிருந்து தொடங்கலாம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், சித்தியர்கள் என்னும் நாடோடி மக்கள் சூடான கற்கள்மேல் தூவி ஆவி பிடித்த விதைகளைக் ‘கன்னாபிஸ்’ விதைகள் என்கிறார். அந்தச் சொல் கிரேக்கத்துக்கே வெளியிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் கருத்து. லத்தீன் வழியாக அது கஞ்சாச் செடியின் அறிவியல் பெயராயிற்று. அதன் நாரில் நெய்த துணிதான் ‘கேன்வாஸ்’. ‘ஆய்டு’ என்ற பின்னொட்டு, உருவம் எனப் பொருள்படும் ‘எய்டோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றைப் போன்றது என்பது அதன் பொருள்.

எதைப் போன்றது? குழப்பம் இங்கேதான். செடியில் உள்ள சேர்மங்கள் ஒரு வகை: டிஎச்சி (டெட்ராஹைட்ரோகன்னாபினால்), சிபிடி (கன்னாபிடியால்) முதலியன. இரண்டுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றே: 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். ஆனால் அமைப்பு வேறு. முன்னது போதை தரும், பின்னது தராது. ஆய்வகத்தில் செய்யப்படுபவை இன்னொரு வகை. மூன்றாவது, நம் உடலே சுரப்பது. அவற்றில் 1992இல் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர். நமக்குத் தெரிந்த அதே ஆனந்தம்தான். அது ஒரு கொழுப்பமிலச் சேர்மம். வடிவத்தில் டிஎச்சியோடு ஒற்றுமையே கிடையாது. இரண்டும் போய் ஒட்டும் ஏற்பி, அதாவது உடல் அணுக்களில் உள்ள புரதப் பூட்டு, ஒன்று என்பதால்தான் ஒரே குடும்பப் பெயர்.

தமிழில் ஆல்கலாய்டைக் காரப்போலி என்கிறோம். அந்த வழியில் ‘கஞ்சாப்போலி’ எனலாம். ‘அறம்’, ‘அறன்’ ஆவதுபோல ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்தும் பொருள் மாறாததே இலக்கணத்தில் போலி. ஏற்பியில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். ஆனாலும் இன்று ‘போலி’ என்றால் கள்ளச் சரக்கு என்றே காதில் விழும். ஆகவே குடும்பத்துக்குக் ‘கஞ்சா நிகரி’, செடியிலிருந்து வருபவற்றுக்கு மட்டும் ‘கஞ்சாச் சேர்மம்’ என்பதே என் தேர்வு. ‘சணல் சேர்மம்’ என்பது பிழை. சணல் வேறு செடி. ‘சணல் விதை எண்ணெய்’ என்று மொழிபெயர்க்கப்படுவது கஞ்சா இனச் செடியின் விதை எண்ணெய்; அதில் சிபிடி ஏறக்குறைய இல்லை. இச்சேர்மங்கள் பெண் பூக்களின் பிசின் சுரப்பிகளில்தான் செறிந்திருக்கும்.

பெயர் தெளிவாக இருப்பது ஏன் முக்கியம்? ‘கஞ்சா நிகரி இதயத்தைக் காக்கும்’ என்ற வாக்கியம், எந்த நிகரி என்று சொல்லும்வரை பொருளற்றது. டிஎச்சி நாடித்துடிப்பை ஏற்றுகிறது. மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த, 2001இல் வெளியான ஆய்வொன்றில், கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 4.8 மடங்காக இருந்தது. அதே டிஎச்சியை 2005இல் எலிகளுக்கு மிகக் குறைந்த அளவில், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 மி.கி., வாய்வழி கொடுத்தபோது தமனித் தடிப்பு வளரும் வேகம் குறைந்தது. இந்த ஏற்பியில் இரு வகை உண்டு. நோயெதிர்ப்பு அணுக்களில் உள்ள சிபி2 வழியே அது நடந்தது. மூளையில் மிகுந்துள்ள சிபி1 வழியே அல்ல.

சிபிடிக்கான சான்று இன்னும் சுவையானது. 2007இல், இதயத் தமனியைச் சற்று நேரம் கட்டி அவிழ்த்த எலிகளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி. கொடுத்தார்கள். இறந்துபோன தசைப் பரப்பு 66 விழுக்காடு குறைந்தது. தனியே எடுத்து வைத்த இதயத்தில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே அது இதயத் தசையை நேரே காக்கவில்லை, உடலில் எழும் அழற்சியை அடக்கித்தான் காத்தது என்று கொள்ளலாம். இதயத் தசை அழற்சி, இதய உறை அழற்சி ஆகியவற்றில் மனிதச் சோதனைகள் நடத்தப்பட்டதற்கும் இந்த அழற்சி அடக்கலே அடிப்படை.

மனிதரிடம்? 2017இல் உடல்நலமுள்ள 9 ஆண்களுக்கு 600 மி.கி. சிபிடி ஒரே முறை கொடுத்ததில், ஓய்வுநிலை ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 6 மி.மீ. குறைந்தது. நோயாளிகள் அல்ல, ஒரே வேளை மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. அந்த அளவையும் பாருங்கள். 5 விழுக்காட்டுச் சொட்டு மருந்தில் 10 மி.லி. புட்டிக்கு 500 மி.கி.; மில்லிக்கு 20 சொட்டு என்றால் சொட்டுக்கு 2.5 மி.கி. 600க்கு 240 சொட்டு வேண்டும். விழுங்கினாலும் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடுகிறது. கொழுப்பு மிக்க உணவோடு எடுத்தால் ரத்தத்தில் சேர்வது பல மடங்கு ஏறுகிறது. எனவே ஒரே அளவை வெறும் வயிற்றில் ஒருநாளும் உணவோடு மறுநாளும் எடுப்பவருக்கு அது ஒரே மருந்தளவு அல்ல.

இதய நோயாளி கவனிக்க வேண்டியது கல்லீரல் நொதிகள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியைச் சிபிடி தடுக்கிறது. வார்ஃபரின் தேங்கி, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு ஏறி, ரத்தக் கசிவு வரலாம். ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும் குளோபிடோக்ரலில் எதிர்மாறு: அது செயல்படு வடிவம் பெற ஒரு நொதி வேண்டும், அதைத் தடுத்தால் மாத்திரையின் வேலை குறையக்கூடும். இவற்றில் ஏதேனும் எடுப்பவர் மருத்துவரிடம் ‘கன்னாபினாய்டு’ என்று சொன்னால் போதாது. சேர்மத்தின் பெயர், மி.கி. அளவு, தொடங்கிய நாள் மூன்றையும் சொல்ல வேண்டும்.