போகி: பெட்டியா, பெட்டிக்குக் கீழே இருப்பதா?

'மூன்றாவது போகியில் இடம் இருக்கிறது' என்றால் தமிழில் எவருக்கும் குழப்பமில்லை. ரயில்பெட்டியைத்தான் சொல்கிறார்கள் என்று புரியும். மாதிரி ரயில் செய்ய உதிரிப்பாகம் வாங்கும்போதுதான் இந்தப் பழக்கம் காலை வாரிவிடும். 'போகி, ஒரு ஜோடி' என்று பட்டியலில் பார்த்து இரண்டு பெட்டிகளை எதிர்பார்த்தால், வந்து சேர்வது இரண்டு சிறு சட்டகங்களும் எட்டுச் சக்கரங்களும்தான்.

போகி என்பது பெட்டியின் அடியில், முனைக்கு ஒன்றாக இருக்கும் சக்கரச் சட்டகம். மலேசியாவின் சுங்கை சிப்புட் நிலையத்தில் நடைமேடை உயரமாக இருப்பதால், நம் பக்கம் நிற்கும் ரயிலில் இது கண்ணில் படாது. எதிர்த் தண்டவாளத்தில் நிற்கும் ரயிலைப் பாருங்கள். வளைவு வரும்போது பெட்டி வளையாது, இந்தச் சட்டகம்தான் திரும்பிக்கொடுக்கும். செம்பனை ஆலையில் குலைகளோடு வேகவைக்கும் கலனுக்குள் தள்ளப்படும் இரும்புக் கூண்டுக்குப் போகி கிடையாது. நான்கு சக்கரமும் கூண்டோடு இறுகியிருக்கும். குட்டையான வண்டி, அதனால் சமாளித்துவிடுகிறது. 20 மீட்டர் பெட்டிக்கு அது நடக்காது.

சொல் வட இங்கிலாந்து வட்டார வழக்கிலிருந்து வந்தது. அங்கே தாழ்வான தள்ளுவண்டிக்கு அந்தப் பெயர். அதற்கு முந்தைய வேர் தெரியவில்லை என்றே அகராதிகள் சொல்கின்றன. பழையதைக் கொளுத்தும் போகிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. திரும்பும் சட்டகத்துக்கு வில்லியம் சாப்மன் இங்கிலாந்தில் 1812-இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்கர்கள் இதையே 'ட்ரக்' என்பார்கள். அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.

தமிழில் 'சக்கரத் தொகுதி' என்று எழுதுவோர் உண்டு. ஓர் அச்சும் இரு சக்கரமும் சேர்ந்ததற்கும் அதே பெயர் பொருந்திவிடும் என்பதால் அது சரிப்படாது. 'சுழல் சட்டகம்' என்றால் முழுவட்டம் சுற்றுவதுபோல் தொனிக்கிறது. 'திரும்பு சட்டகம்' பொருத்தம். வினைத்தொகை, செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறது. சட்டகத்தின் நடுவில், அது திரும்புவதற்காக உள்ள முளைக்குப் புதுச்சொல்லே வேண்டாம். கதவு திரும்பும் முளையைக் குடுமி என்கிறோம், இதுவும் குடுமிதான். பெட்டியைப் பெட்டி என்றே சொல்லலாம். மலாயில் அது கெராபாக்.

நம் நாட்டின் பிரதான ரயில்பாதை, இரு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மி.மீ. அகலம். தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட்டுக்கு 1885-இல் ஓடிய முதல் ரயிலும் அதே அகலம்தான். அசலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1:87 மாதிரி அளவில் இது 11.5 மி.மீ. வரும், கடைச்சரக்கு 12 மி.மீ. 20 மீட்டர் பெட்டி 230 மி.மீ. ஆகும். சட்டகத்தின் இரு அச்சுகளுக்கு இடையே 2.1 மீட்டர் என்று வைத்தால் 24 மி.மீ.

சட்டகத்தின் பக்கத்தட்டுகளை 1.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டலாம். அட்டை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் உப்பிவிடும். இரண்டு தட்டுகளையும் ஒன்றாக ஒட்டிப் பிடித்து 2 மி.மீ. துளையிட்டு, பிறகு பிரிக்க வேண்டும். தனித்தனியே துளையிட்டால் அச்சுகள் இணையாக அமையாது, சட்டகம் எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும். துளையில் பித்தளைக் கிண்ணங்களைச் செருகி, கூர்முனை அச்சுகளை உள்ளே வைத்தபடியே கண்ணாடித் தட்டின் மேல் ஒட்ட வேண்டும். அச்சுக்கு நீளவாட்டில் 0.3 மி.மீ. தளர்ச்சி இருக்கட்டும். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்தினால் வண்டி தானாக உருள வேண்டும். நின்றுவிட்டால் கிண்ணம் ஆழம் போதவில்லை.

கிளைப்பாதையில் தடம்புரண்டால் பலரும் சக்கரத்தைக் குறைசொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு குடுமியில்தான். இரண்டு சட்டகங்களும் இறுகியிருந்தால், பாதை சற்று முறுக்கிய இடத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இரண்டும் தளர்ந்திருந்தால் பெட்டி தள்ளாடும். ஒரு முனையில் குடுமிக்கு இருபுறமும் அகலமான திண்டு வைத்து, பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்க வேண்டும். மறுமுனையில் சிறு வளையம் மட்டும் போதும், எல்லாப் பக்கமும் ஆடட்டும். முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்பது இதே கணக்குத்தான். குடுமியாக நிற்கும் 2 மி.மீ. திருகுக்கு 2.2 மி.மீ. துளை. மரையை இறுக்கி, அரைச்சுற்று பின்னுக்கு விட்டு, நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்தால் கழலாது.

குடுமிகளுக்கு இடையே 160 மி.மீ. இருந்து, வளைவின் ஆரம் 400 மி.மீ. என்றால் சட்டகம் ஏறக்குறைய 11.5 பாகை திரும்பும். சக்கரம் பக்கவாட்டில் 2.4 மி.மீ. நகரும். அடித்தளத்தில் இருபுறமும் 3 மி.மீ. இடம் விடாவிட்டால் படிக்கட்டில் உரசி நின்றுவிடும்.

எடையில் பலரும் கஞ்சத்தனம் பண்ணுவார்கள். அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ., 1:87 அளவுப் பெட்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்சும், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்சும் பரிந்துரைக்கிறது. 230 மி.மீ. பெட்டிக்கு அது சுமார் 155 கிராம். குறைந்தால் ஈயத்துண்டுகளைச் சேர்க்கலாம். குடுமிகளுக்கு நேர்மேலே, தரையோடு ஒட்டி வைக்க வேண்டும், கூரைக்கடியில் வைத்தால் வளைவில் கவிழும்.