குட்டி மாத்திரை எங்கே போய்க் கேட்கிறது?

மூட்டுவலி, தும்மல், அரிப்பு, ‘உடம்பு போட’, காரணம் தெரியாத களைப்பு. எதற்காக வந்தாலும் சரி, காரைக்குடியில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு ‘குட்டி மாத்திரை’யைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். பேப்பரில் மடித்துக் கொடுத்தது; பெயர் இருக்காது. விசாரித்தால் பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் அல்லது டெக்சாமெத்தசோன். இரண்டுமே வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மருந்துகள். “நல்லாக் கேட்குது டாக்டர்” என்பார்கள். கேட்கத்தான் செய்யும். எங்கே போய்க் கேட்கிறது என்று தெரிந்துவிட்டால், கடையில் தாமாகவே வாங்கிப் போடுவதற்குக் கை கொஞ்சம் தயங்கும் என்று நினைக்கிறேன்.

சாதாரண வலி மாத்திரை, வலியைக் கூட்டும் ரசாயனத்தை உண்டாக்கும் நொதியைத் தடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஸ்டீராய்டின் வேலை செல்லின் உட்கருவுக்குள்ளேயே நடக்கிறது.

டி.என்.ஏ. இருப்பது உட்கருவில். ஆனால் புரதங்கள் தயாராவது உட்கருவுக்கு வெளியே. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களும் வெளியே தயாராகி உள்ளே போயாக வேண்டியவைதான். உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு. அதில் ஆயிரக்கணக்கான துளைகள். வெறும் ஓட்டைகள் அல்ல, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 வகைப் புரதங்கள் பல பிரதிகளாகச் சேர்ந்து கட்டிய வாசல். சின்ன மூலக்கூறுகள் தாமாகவே நுழைந்துவிடும். பெரிய புரதங்களுக்கு நம் செட்டிநாட்டு வீட்டு வழக்கம்தான்: திண்ணை வரை யாரும் வரலாம், வளவுக்குள் போக வேண்டுமென்றால் வீட்டு ஆள் ஒருவர் கூட்டிப் போக வேண்டும்.

அந்த வேலையைச் செய்வது இம்போர்ட்டின் என்ற புரதம். உள்ளே போக வேண்டிய புரதத்தில் ஒரு சிறு அடையாளப் பகுதி இருக்கும். இம்போர்ட்டின் அதைப் பிடித்துத் துளை வழியாகக் கொண்டுபோகும். உள்ளே ரான் என்ற சிறு புரதம் வந்து இம்போர்ட்டினைப் பற்றிக்கொள்ள, சுமை கழன்றுவிடும். இம்போர்ட்டின் அடுத்த நடைக்கு வெளியே திரும்பும். அந்த அடையாளம் எவ்வளவு சின்னது என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. 1984-ல் எஸ்.வி.40 என்ற குரங்கு வைரஸின் புரதம் ஒன்றில் அதைக் கண்டுபிடித்தார்கள். மொத்தமே ஏழு அமினோ அமிலங்கள். அதில் லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். புரதம் உட்கருவுக்குள் போக முடியாமல் வெளியிலேயே தேங்கிவிட்டது.

இப்போது குட்டி மாத்திரைக்கு வருவோம். நம் செல்களில் ஸ்டீராய்டுக்கென்று ஓர் ஏற்பிப் புரதம் இருக்கிறது. ஸ்டீராய்டு இல்லாதபோது, வேறு சில புரதங்கள் அணைத்துப் பிடித்திருக்க, அது பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியே காத்திருக்கும். ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் பொருள், அதனால் செல்லின் சவ்வைத் தடையில்லாமல் தாண்டி வந்து ஏற்பியில் உட்காரும். ஏற்பியின் வடிவம் மாறும், இம்போர்ட்டின் அதை உள்ளே கொண்டுபோகும். ஏற்பியோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள். செல் முழுக்கப் பரவியிருந்த பச்சை, மருந்து விட்ட அரை மணி நேரத்துக்குள் நடுவில் உட்கருவுக்குள் திரண்டுவிடுகிறது. உள்ளே போன ஏற்பி டி.என்.ஏ.வில் அமர்ந்து சில மரபணுக்களை முடுக்கும், சிலவற்றை அடக்கும். வீக்கத்தைக் கிளப்பிவிடும் என்.எஃப். கப்பா பி என்ற புரதமும் இதே துளைகள் வழியாக உள்ளே வந்துதான் தன் வேலையைக் காட்டும். அதை ஸ்டீராய்டு ஏற்பி அங்கேயே வைத்து மட்டுப்படுத்துகிறது. வலியும் வீக்கமும் வடிவது இதனால்தான்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறையில் வேலை பார்க்கும் ஆஸ்துமா நோயாளி ஒருவர், நான் கொடுத்த இரண்டு இன்ஹேலர்களில் ஒன்றைத் தொடவே இல்லை. “நீலப் பம்பு அடிச்சா உடனே கேட்குது சார். இன்னொண்ணு ஒண்ணுமே செய்யலை.” நீலப் பம்பில் இருப்பது சால்புட்டமால். அது செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் பட்டதும் மூச்சுக்குழாய்த் தசை தளரும், சில நிமிடங்களில் தெரியும். மற்றது ஸ்டீராய்டு. உட்கருவுக்குள் போய், மரபணு மாறி, புரதம் மாறி, மூச்சுக்குழாயின் வீக்கம் வடிய நாட்கள் ஆகும். உடனே தெரியாத அந்த மருந்துதான் அவருக்கு அடுத்த இழுப்பு வராமல் காப்பது. இன்ஹேலரில் அளவும் மிகக் குறைவு, வேலை செய்வதும் பெரும்பாலும் நுரையீரலில்தான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது மாத்திரைக்கு. இந்த ஏற்பி அநேகமாக எல்லாச் செல்களிலும் இருக்கிறது. ‘மூட்டுக்கு மட்டும்’ போகும் ஸ்டீராய்டு மாத்திரை கிடையாது. கல்லீரலில் சர்க்கரை தயாரிக்கும் மரபணுக்களை அது முடுக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். தோலில் கொலாஜன் உற்பத்தியைக் குறைக்கும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும். எலும்பு மெலியும், முகம் உப்பும். ‘சதை போட்டிருக்கு’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி, தலைசுற்றல், பி.பி. 80-க்குக் கீழே. சுருக்குப் பையில் வெற்றிலையோடு ஒரு காலி மாத்திரைப் பொட்டலம்.

“எம்புட்டு நாளாப் போடுறீக ஆச்சி?”

“பேத்தி கல்யாணத்துக்கு முன்னேருந்து தம்பி. போன வாரம் தீந்துபோச்சு. மகன் வந்து வாங்கித் தருவான்னு இருந்துட்டேன்.”

சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும். அதற்கு உத்தரவு தருவது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி. வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டே இருந்தால், பிட்யூட்டரி செல்களின் உட்கருவுக்குள்ளும் ஏற்பி நுழைந்து, அந்த உத்தரவை உண்டாக்கும் மரபணுவையே அடக்கிவிடும். மாதக்கணக்கில் உத்தரவு வராத அட்ரினல் சுருங்கிவிடும். திடீரென்று மாத்திரை நின்றால் உடம்பில் ஸ்டீராய்டே இல்லாத நிலை. ஆச்சிக்கு ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் ஏற்றினோம். மறுநாள் எழுந்து உட்கார்ந்து, குட்டி மாத்திரை எப்போது தருவீர்கள் என்று கேட்டார்.

களிம்பும் ஸ்டீராய்டாக இருக்கலாம். படர்தாமரைக்குக் கடையில் கொடுக்கும், ஸ்டீராய்டும் கலந்த கூட்டுக் களிம்பு அரிப்பை ஒரே நாளில் அடக்கும். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையோ எதிர்ப்பு குறைந்த தோலில் செழித்துப் பரவும். கல்யாணத்துக்கு முன் சிவப்பாக வேண்டும் என்று தடவும் கிரீம்களில் சிலவும் இதே சங்கதிதான். நிறுத்தினால் முகம் எரியும், பருவும் செம்மையும் கிளம்பும். மறுபடி தடவச் சொல்லும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது. கடைகளில் கேட்டுப் பாருங்கள், கிடைக்கிறது.

இதைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டை யாராவது நிறுத்திவிட்டால் எனக்குத்தான் பாவம். 1948-ல் முடக்குவாதத்தில் படுத்துக்கிடந்தவரை நடக்கவைத்தது கார்டிசோன். அந்த வேலைக்கு 1950-ல் நோபல் கொடுத்தார்கள். கொரோனாவில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததும் நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன்தான். அதைக் காட்டிய ஆய்விலேயே, ஆக்ஸிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பலன் ஏதும் தெரியவில்லை.

குட்டி மாத்திரையோ, பெயரில்லாத மூட்டுவலிப் பொடியோ சில வாரங்களுக்கு மேல் போட்டிருந்தால், நீங்களாக நிறுத்த வேண்டாம். பொட்டலத்தோடு வாருங்கள், அளவைப் படிப்படியாகக் குறைக்க வழி இருக்கிறது. அட்ரினல் பழையபடி விழிக்கச் சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் கடும் காய்ச்சல் வந்தாலோ, ஆபரேஷன் என்றாலோ, பல் பிடுங்கப் போனாலோ, ‘ஸ்டீராய்டு போட்டிருந்தேன்’ என்பதை அங்கே முதலிலேயே சொல்லிவிடுங்கள்.