டேப் விசை தாண்டிப்போன பொத்தான்

"எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், தம்பி. அனுப்புவதற்கு எங்கே போக வேண்டும்?"

கேட்டவர் பார்வையற்ற ஆசிரியர் ஒருவர். ஒரு பயிற்சி மையத்துக்காக நான் எழுதிக்கொடுத்த விண்ணப்பப் படிவம் அவருடைய மடிக்கணினியில் திறந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்குப் பச்சை நிறத்தில் 'சமர்ப்பி' என்ற பொத்தான் பளிச்சென்று தெரிந்தது. அவர் அடுத்த இடத்துக்குத் தாவ டேப் விசையை அழுத்தினார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கைபேசி எண் பெட்டியைச் சொன்னது. மறுபடி அழுத்தினார்; உறுதிமொழிக்கான தேர்வுப்பெட்டி. மறுபடியும், பக்கத்தின் அடியில் இருந்த தொடர்பு முகவரி. நடுவில் இருந்த பொத்தானை டேப் தாண்டிப் போய்விட்டது. பின்னோக்கி வந்து பார்த்தார், மீண்டும் முன்னே போனார். கடைசியில் இன்சர்ட் விசையோடு எஃப்7 விசையை அழுத்தி, பக்கத்தில் உள்ள பொத்தான்களை மட்டும் காட்டும் பட்டியலைத் திறந்தார். பட்டியல் காலியாக இருந்தது.

அவர் கோபப்படவில்லை. இது அவருக்குப் பழகிப்போன ஒன்று என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. அரை மணி நேரம் பொறுமையாகப் படிவத்தை நிரப்பிய மனிதரைக் கடைசிப் படியில் நிறுத்திவைத்தது என்னுடைய நிரல்.

நடந்தது இதுதான். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்லில் பொத்தானுக்கென்றே 'பட்டன்' என்ற குறிச்சொல் இருக்கிறது. அதன் இயல்பான தோற்றம் வடிவமைப்புக்குப் பொருந்தவில்லை என்று, எதற்கும் பயன்படும் 'டிவ்' குறிச்சொல்லை வைத்து, அதற்குப் பச்சை வண்ணம் பூசி, சொடுக்கினால் ஓடும்படி ஒரு ஜாவாஸ்கிரிப்ட் செயலை மாட்டிவிட்டேன். சுட்டி பிடிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் உலாவியின் கணக்கில் அது வெறும் பெட்டி. டேப் அதில் நிற்காது. அது ஒரு பொத்தான் என்று திரைவாசிப்பானுக்குச் சொல்ல ஆள் இல்லை.

உண்மையான பட்டன் குறிச்சொல் எவ்வளவு வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது என்பதைத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் ஆனவர்கள்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. டேப் வந்து நிற்கும். என்டர் விசைக்கும் இடைவெளி விசைக்கும் வேலை செய்யும். முடக்கிவைத்தால், முடக்கப்பட்டிருக்கிறது என்று திரைவாசிப்பான் அறிவிக்கும். படிவத்துக்குள் இருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வந்து சேராவிட்டாலும் படிவம் போய்ச் சேரும். ஓடும் பஸ்ஸில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, பக்கம் திறந்து நிரல் மட்டும் பாதியில் நின்றுபோவது அன்றாடம் நடப்பது. அப்போது என் டிவ் கண்பார்வை உள்ளவருக்கும் செத்த பொத்தான்தான்.

டிவ்வையே வைத்துக்கொண்டு ஒட்டுப்போட முடியாதா என்றால், முடியும். பொத்தான் என்ற பங்கைச் சொல்லும் 'ரோல்' பண்பு சேர்க்க வேண்டும். டேப் நிற்க 'டேப்இன்டெக்ஸ்' சேர்க்க வேண்டும். என்டருக்கும் இடைவெளி விசைக்கும் தனியாக நிரல் எழுத வேண்டும். இடைவெளி விசையை அழுத்தினால் பக்கம் கீழே உருண்டுவிடும், அதையும் தடுக்க வேண்டும். இத்தனைக்கும் பதிலாக நான் செய்தது, டிவ் என்று இருந்த இடத்தில் பட்டன் என்று மாற்றி, தோற்றத்தைச் சி.எஸ்.எஸ்ஸில் நான்கு வரியில் சரிசெய்ததுதான். அரியா என்ற அணுகல் பண்புகளுக்கான வழிகாட்டியின் முதல் விதியே இதுதான்: எச்.டி.எம்.எல்லில் ஏற்கெனவே இருக்கும் குறிச்சொல் போதுமென்றால் அதையே பயன்படுத்துங்கள்.

மாற்றும்போது ஒன்றை மறக்கக் கூடாது. படிவத்துக்குள் இருக்கும் பட்டன், வேறு வகை சொல்லப்படாவிட்டால் படிவத்தை அனுப்பிவிடும். 'மேலும் ஒரு வரி சேர்' போன்ற பொத்தான்களுக்கு அவற்றின் வகையும் பட்டன்தான் என்று பண்பில் எழுதிவிட வேண்டும். இதை விட்டுவிட்டு, 'பட்டன் போட்டால் பக்கம் தானாகப் போய்விடுகிறது' என்று மறுபடி டிவ்வுக்கே திரும்பிய இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொத்தான் சரியானதும் அடுத்த ஓட்டை தெரிந்தது. ஆசிரியர் அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கத்தை விட்டுவிட்டார். சமர்ப்பி என்று அழுத்தினார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது, அவர் காதில் எதுவும் விழவில்லை. போய்விட்டது என்றே நினைத்திருந்தார். பிழைச் செய்தியை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் பக்கத்தில் செருகினால் மட்டும் போதாது. அது வந்திருக்கிறது என்று அறிவிக்க வேண்டும். நான் இப்போது செய்வது இது: தவறான பெட்டியைத் தவறென்று 'அரியா-இன்வேலிட்' பண்பால் குறிக்கிறேன், 'அரியா-டிஸ்கிரைப்ட்பை' மூலம் செய்தியை அந்தப் பெட்டியோடு இணைக்கிறேன், கர்சரை முதல் தவறான பெட்டிக்கே கொண்டுபோய் நிறுத்துகிறேன். பெட்டியின் பெயரும் பிழையும் சேர்ந்தே அவர் காதில் விழுகின்றன. பொதுவான அறிவிப்புகளுக்கு 'அலர்ட்' பங்குள்ள ஒரு பகுதியைப் பக்கம் திறக்கும்போதே காலியாக வைத்துவிடுகிறேன். பகுதியையும் செய்தியையும் ஒரே நேரத்தில் செருகினால் சில திரைவாசிப்பான்கள் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகின்றன. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுதும் ஆனது.

மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலையும் அழகுக்காகச் சொந்தமாகக் கட்டியிருந்தேன். 38 மாவட்டங்கள், 38 டிவ்கள். 'செலக்ட்' குறிச்சொல்லுக்கு மாற்றியதும் மேல், கீழ் அம்புக்குறிகள் தாமாக வேலை செய்தன. கைபேசியில் அந்தந்தக் கருவிக்குப் பழக்கமான பட்டியலே திறந்தது. மேலே எழும் பெட்டிக்கு 'டயலாக்' குறிச்சொல் இருக்கிறது. 2022 மார்ச் முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது உண்டு. எஸ்கேப் விசையில் மூடும், மூடியதும் கர்சர் முன்பிருந்த இடத்துக்கே திரும்பும். இதற்கெனப் பெரிய நிரல் நூலகங்களை இறக்கிய காலம் போய்விட்டது.

இது இரக்கத்தால் செய்யும் உபகாரம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்குக்குக் காரணமாக இருந்ததும் இப்படி ஒரு திரைதான். வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் (கே.ஒய்.சி.), உயிருள்ள ஆள்தான் என்று காட்டக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். அமில வீச்சில் கண்களும் முகமும் சிதைந்தவர்களால் சிமிட்ட முடியாது. அந்தத் திரையை எழுதியவர்களுக்கு யாரையும் விலக்கும் எண்ணம் இருந்திருக்காது. எனக்கும் இருக்கவில்லை. ஆனாலும் எங்கள் நிரல்கள் விலக்கின.

இப்போது எந்தப் பக்கத்தையும் ஒப்படைப்பதற்கு முன் சுட்டியைக் கழற்றி வைத்துவிடுகிறேன். டேப், என்டர், இடைவெளி, அம்புக்குறிகள், எஸ்கேப் ஆகியவற்றை மட்டும் கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போகிறேன். டேப் எங்கே நிற்கிறது என்று காட்டும் வெளிக்கோட்டை அழகு கெடுகிறதென்று சி.எஸ்.எஸ்ஸில் அழித்திருந்தால் இரண்டாவது நிமிடத்திலேயே தொலைந்துபோவேன். பிறகு என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை ஓடவிட்டுத் திரையை அணைத்துவிடுகிறேன். விண்டோஸுக்கான இந்த மென்பொருளை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர். இலவசமாகவே கிடைக்கிறது, வாங்க வசதியில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று முதல் குறிச்சொல்லிலேயே எழுதியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலம் என்று விட்டிருந்தால் தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலிடமே ஒப்படைத்துவிடக்கூடும்.

திருத்திய படிவத்தோடு அந்த ஆசிரியரிடம் மறுபடி போனேன். சமர்ப்பி பொத்தானில் டேப் நின்றது. பெயரைக் கேட்டதும் என்டரை அழுத்தினார். ஒருமுறைக் கடவெண் (ஓ.டி.பி.) வந்தது. கைபேசியை எடுத்து, அதன் குரலில் ஆறு இலக்கங்களையும் கேட்டு, மடிக்கணினிக்குத் திரும்பி, தட்டத் தொடங்கினார். நான்காவது இலக்கத்தில் கெடு முடிந்துவிட்டது. அறுபது நொடி என்று வைத்தவன் நானே. அங்கேயே உட்கார்ந்து அதைப் பத்து நிமிடமாக்கினேன்.